எல்.கே.ஜி. வகுப்புக்குத் தொடுதிரை எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மூன்று வயது முதல் ஆறு வயதுக்குள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஆரம்பித்து கடைத்தெரு முடிய நர்சரிப் பள்ளிகளின் பேனர்கள். "ஸ்மார்ட் கிளாஸ் வசதியுடன் எல்.கே.ஜி." "ஒவ்வொரு குழந்தைக்கும் டேப்." "யு.கே.ஜி. முதலே கோடிங்." ஒரு பேனரிலாவது "எங்கள் பள்ளியில் மணல் இருக்கிறது" என்று போட்டிருக்கிறார்களா? "எங்கள் ஆசிரியருக்கு நூறு கதை தெரியும்" என்று போட்டிருக்கிறார்களா? இல்லை. ஏனென்றால் அதற்கெல்லாம் கூடுதல் கட்டணம் வாங்க முடியாது.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் கையில் திரையைக் கொடுத்து, அதற்குக் கல்வி என்று பெயர் வைப்பது ஏமாற்று வேலை. அதே சமயம், டிஜிட்டல் கருவியே பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. திரை பெரியவர் கையில் இருக்கட்டும். குழந்தையின் கையில் பொருள் இருக்கட்டும். என் கட்சி இவ்வளவுதான். இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை. பெரிய பட்டங்கள் கிடையாது. 34 ஆண்டுப் பணியில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு. வீட்டிலிருந்து நேரே வந்த குழந்தை, அங்கன்வாடியிலிருந்து வந்த குழந்தை, நர்சரியில் இரண்டு வருடம் பணம் கட்டிவிட்டு வந்த குழந்தை என்று எல்லாரையும் முதலில் கையில் வாங்கியது எங்களைப் போன்றவர்கள்தான். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

முதலில் 'தொழில்நுட்பம்' என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். மின்சாரத்தில் ஓடினால்தான் தொழில்நுட்பம் என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். நடைவண்டி தொழில்நுட்பம் இல்லையா? மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. குழந்தை தள்ளினால் நகரும், நின்றால் நிற்கும். வேகத்தைத் தீர்மானிப்பது குழந்தை. சிலேட்டு தொழில்நுட்பம் இல்லையா? தப்பாக எழுதினால் கோவை இலையை வைத்து ஒரு தேய், தப்பே நடக்காத மாதிரி ஆகிவிடும். தப்பு செய்யப் பயப்படாத பிள்ளைதான் எழுதக் கற்கும். அந்தத் தைரியத்தைச் சிலேட்டு கொடுத்தது. சிலேட்டின் மேல்சட்டத்தில் கம்பியில் கோத்த மணிகள் இருக்குமே, அந்த மணிச்சட்டம் கணக்குப் பொறியேதான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தள்ளிவிட்டு, அது ஏன் விழாமல் நிமிர்கிறது என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் குழந்தை இயற்பியலைத் தொட்டுவிட்டது.

மணலில் எழுதுவதை இன்றைக்குப் பலர் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரலாறு. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் காப்பகத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் ஊர்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் காப்பகத்தில் புகுத்தினார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. அங்கே ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுத்துப் பழகினார்கள். நாம் ஏற்றுமதி செய்த தொழில்நுட்பம் அது. இன்றைக்கு அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடிப் பலகையில் விரலை இழுக்கும் கருவியைக் கடன் வாங்கி வாங்குகிறோம்.

மணலில் எழுதுவதும் திரையில் எழுதுவதும் விரலால் எழுதுவதுதானே, இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு தாளாளர் என்னிடம் கேட்டார். ஒன்றில்லை ஐயா. மணல் விரலைத் தடுக்கும். அந்தத் தடையை எதிர்த்துத் தள்ளும்போதுதான் 'ட'வின் மூலையில் நின்று திரும்ப வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும். எங்கே தொட்டாலும் ஒரே குளிர்ச்சி, ஒரே வழவழப்பு. அதுவும் பல செயலிகளில் குழந்தை கோணலாக இழுத்தாலும் கோடு தானாகவே நேராகிவிடும். உடனே கைதட்டல் சத்தம். எழுதியது யார்? செயலி. பாராட்டு யாருக்கு? குழந்தைக்கு.

எழுத்து பென்சிலில் தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் விரலில் தொடங்குகிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து ஒன்றைப் பிடிக்கப் பழக வேண்டும். அவரைக்காய் நார் உரிப்பது, பூத் தொடுப்பது, பாசிமணி கோப்பது, களிமண் உருட்டுவது, கோலப்பொடியைச் சிட்டிகை போட்டு இழுப்பது எல்லாம் அந்தப் பழக்கம்தான். புள்ளி வைத்துச் சுற்றி வளைத்துக் கோடு இழுக்கத் தெரிந்த பிள்ளைக்கு 'இ'யும் 'ஞ'வும் 'ழ'வும் பயம் காட்டாது. நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். அதனால்தான் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, வளைவுகளுக்குப் பிறகு போவது நல்லது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி சில ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில், பென்சிலை முழு உள்ளங்கையால் உலக்கை மாதிரி பிடித்தவர்களை நிறையப் பார்த்தேன். ஆங்கில எழுத்துப் பாட்டைத் தலைகீழாகப் பாடும் பிள்ளைகள் அவர்கள். சட்டைப் பித்தானைப் போடத் தெரியாது.

எண்ணும் அப்படித்தான். பல்லாங்குழியில் 14 குழி. கையில் அள்ளிய முத்தைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதுதான் எண்ணிக்கையின் அடிப்படை. அதைக் கை செய்கிறது. நான்கு சேர்ந்தால் 'பசு'. பிள்ளை எண்ணாமலேயே ஒரு பார்வையில் நான்கை அடையாளம் காணப் பழகுகிறது. எதிராளியின் குழியில் எத்தனை இருக்கிறது என்று உத்தேசம் போடுகிறது. ஏமாற்றினால் சண்டை வருகிறது. சண்டையில் பேச்சு வருகிறது. பேச்சில் மொழி வருகிறது. இத்தனையும் ஒரு மரத்துண்டிலும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையிலும் கிடைக்கிறது.

இப்போது திரைக்கு வருவோம். உறவினர் வீட்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் எண்ணும் செயலியில் விளையாடிக்கொண்டிருந்தான். "எத்தனை மாம்பழம்?" என்று கேட்டு நான்கு விடை காட்டும். பெற்றோருக்கு ஒரே பெருமை, "நூற்றுக்கு நூறு எடுக்கிறான் டீச்சர்" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் மாம்பழத்தைப் பார்க்கவே இல்லை. நான்கு விடைகளையும் படபடவென்று வரிசையாகத் தட்டுகிறான். எதில் நட்சத்திரம் வெடிக்கிறதோ அது சரி. அடுத்தது. சமையலறையிலிருந்து ஏழு தக்காளி எடுத்துவரச் சொன்னேன். கையில் கொள்ளும் அளவு அள்ளிக்கொண்டு வந்தான். அந்தப் பையனிடம் எந்தக் குறையும் இல்லை, கெட்டிக்காரன். கருவி எதற்குப் பரிசு கொடுத்ததோ அதைச் சரியாகக் கற்றுக்கொண்டான். மணிச்சட்டம் யாருக்கும் கைதட்டாது. எண்ணினால்தான் எண்.

இது என் ஒருத்தியின் கண்ணில் பட்டது மட்டுமில்லை. 2003-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா குல்லும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, விளையாடி, புத்தகம் காட்டிப் பேசினார்கள். 12 அமர்வுகள். இன்னொரு பிரிவினருக்கு அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை. பேச்சு ஒன்றுதான், ஆள் இல்லை. குழந்தை கண்ணைப் பார்த்துக் கற்கிறது. தான் 'ம்ம்' என்றால் எதிரில் இருப்பவர் திரும்பிப் பேசுகிறாரா என்று பார்த்துக் கற்கிறது. எந்த வீடியோவும் குழந்தை கொட்டாவி விட்டால் கதையை நிறுத்தி "தூக்கம் வருதா கண்ணு?" என்று கேட்காது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. கொரோனா காலத்தில், 2020-ல், மத்திய கல்வித்துறை வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதலில் மழலையர் வகுப்புக்கு 30 நிமிடம்தான். அதுவும் பெற்றோரிடம் பேசி வழிகாட்டுவதற்கு. பள்ளியே பூட்டிக் கிடந்த காலத்தில்கூட அவ்வளவுதான் அனுமதி. இப்போது பள்ளி திறந்திருக்கிறது, ஆசிரியர் நேரில் நிற்கிறார், வெளியே வேப்பமரம் இருக்கிறது. இப்போது எதற்கு மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்? சுவீடன் நாட்டில் பாலர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்று விதி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டாயத்தைக் கைவிடப் போவதாக 2023-ல் அந்நாட்டு அரசே அறிவித்தது. அவர்கள் போய்ப் பார்த்துத் திரும்பி வரும் வழியில் நாம் எதிரே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

நம் அரசாங்கங்களுக்கும் இது தெரியாதது அல்ல. 2023 பிப்ரவரியில் மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட 'ஜாதுயி பிடாரா' பெட்டியைத் திறந்தால் பொம்மை, புதிர், பொம்மலாட்டக் கைப்பாவை, கதைப் புத்தகம். தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. எல்.கே.ஜி.யில் இருக்கும் 'கே.ஜி.' என்றால் என்ன? ஜெர்மானியர் ஃபுரோபெல் 1840-ல் வைத்த பெயர் கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம். அவர் குழந்தைக்குக் கொடுத்த முதல் கருவி கம்பளி நூலால் செய்த வண்ணப் பந்து. தோட்டம் என்று பெயர் வைத்த இடத்தில் இன்று குளிர்சாதன அறை, மூடிய ஜன்னல், ஓடும் திரை.

இதையெல்லாம் சொன்னால் உடனே சிலர் "பழமைவாதி" என்பார்கள். இல்லை. பழையது எல்லாம் பொன் என்று பாடுகிற கூட்டத்தோடும் எனக்குச் சண்டை உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணல் இருந்தது. கூடவே பிரம்பும் இருந்தது. தப்பு எழுதினால் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் தேய்த்த வாத்தியார்களும் இருந்தார்கள். அந்தத் திண்ணையில் ஏற முடியாமல் சாதி தடுத்து நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்! பொருள் புரியாமல் நெட்டுருப் போடுவதும் அங்கே இருந்ததுதான். அதைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. மணலை எடுத்துக்கொள்வோம், பிரம்பை விட்டுவிடுவோம்.

இன்னொரு பக்கம் பாரம்பரியத்தையே வியாபாரமாக்கியவர்கள். 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டிவிட்டு, மரப் பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளைப் பார்க்கிறோம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பயன்படுத்திய உரசுதாள் எழுத்துகளை நாம் வீட்டிலேயே செய்யலாம். ஆசாரிக் கடையில் உப்புத்தாள் வாங்கி, எழுத்தாக வெட்டி, அட்டையில் ஒட்டினால் தீர்ந்தது. அதற்கு ஆண்டுக்கு அறுபதாயிரம் கட்டணம் எதற்கு? புளியங்கொட்டை, பாசிமணி போன்றவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை மூக்கில் திணிக்கும், வாயில் போடும். சின்னப் பிள்ளைக்குக் கொட்டாங்குச்சி, பனங்கொட்டை, சோளக்கதிர் தக்கை போன்ற பெரிய பொருள்கள். சிறிய பொருள் என்றால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய கருவியானாலும் ஆள் வேண்டும்.

சரி, டிஜிட்டல் எங்கே உதவும்? நிறைய இடத்தில். காது கேளாத குழந்தைக்கும் பார்வை குறைந்த குழந்தைக்கும் அது பெரிய வரம். அவர்களுக்குத் தேவையான கருவியைக் கொடுப்பதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. திருப்பூரிலும் செங்கல் சூளைகளிலும் ஒடியா பேசும், இந்தி பேசும் பிள்ளைகள் நம் அங்கன்வாடியில் வந்து ஒன்றும் புரியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பிள்ளையின் மொழியில் ஒரு தாலாட்டையோ விளையாட்டுப் பாட்டையோ ஆசிரியர் தன் கைபேசியில் ஓடவிட்டால் அந்த முகம் மலரும். மலையில் இருளர் குழந்தைக்கும் அப்படித்தான். திமிங்கலத்தை வகுப்புக்குக் கூட்டிவர முடியாது. மூன்று நிமிடம் காட்டுங்கள். பிறகு அணைத்துவிட்டுக் களிமண்ணைக் கொடுங்கள். பிள்ளை தான் பார்த்த திமிங்கலத்தைச் செய்யட்டும். குழந்தை சொல்லும் கதையைக் கைபேசியில் பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டுங்கள். தன் குரலைத் தானே கேட்டால் அடுத்த கதை இன்னும் நீளமாக வரும். தெருவில் இருக்கும் எழுபது வயதுப் பாட்டியின் விடுகதைகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் புதுப் பாட்டு, புதுச் செயல்பாடு கற்றுக்கொள்ள இணையத்தைவிட நல்ல நூலகம் கிடையாது. இவை எல்லாவற்றிலும் கருவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர் கையில். குழந்தை பேசுகிறது, செய்கிறது, ஆடுகிறது.

"அப்படியானால் பணக்காரப் பிள்ளை டேப்பில் படிக்கட்டும், ஏழைப் பிள்ளை மணலில் புரளட்டும் என்கிறீர்களா?" நியாயமான கேள்வி. கேட்டவர் என்னிடம் படித்த பிள்ளை. இன்று பெரிய வேலையில் இருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். தம்பி, கட்டட வேலைக்குப் போகும் அம்மாவின் வீட்டிலும் இன்று கைபேசி இருக்கிறது. பிள்ளை அழுதால் அதுதான் கைக்கு வருகிறது. அந்த வீட்டில் இல்லாதது திரை அல்ல. படம் போட்ட புத்தகம் இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து பேச ஆளுக்கு நேரம் இல்லை. கூலி வேலை அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது. வீட்டில் இல்லாததைத்தானே பள்ளி கொடுக்க வேண்டும்? வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் ஒன்றைப் பள்ளியும் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று சொன்னால் எப்படி?

"இப்போதே பழக்காவிட்டால் பிற்காலத்தில் பின்தங்கிவிடுவார்களே" என்பது அடுத்த பயம். நான் பணி ஓய்வுக்குப் பிறகுதான் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றேன். இந்தப் பதிவு முழுவதும் என் கைபேசியில் அடித்தது. அறுபது வயதில் எனக்கு வந்தது, பத்து வயதில் உங்கள் பிள்ளைக்கு வராதா? பத்து வயதில் வராமல் போவது வேறு. நான்கு வயதில் கிடைக்காத பேச்சும், ஓட்டமும், கூட்டாளியோடு விட்டுக்கொடுத்து விளையாடும் பழக்கமும் பிறகு வருவது கஷ்டம். யு.கே.ஜி.யில் கோடிங்காம்! இரண்டு நுங்குக் கூந்தலை எடுத்து, குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பை நடுவில் மாட்டித் தள்ளினால் நுங்கு வண்டி. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எங்கே தப்பு என்று பிரித்துப் பார்ப்பது. கோடிங் என்று நீங்கள் சொல்லும் சிந்தனை இதில் முழுசாக இருக்கிறது. செலவு, ஒரு நுங்கு சாப்பிடும் செலவு.

இனி பணத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

1987-ல் 'கரும்பலகைத் திட்டம்' வந்தது. தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பித்தல் கருவிகள். நல்ல நோக்கம். ஆனால் வந்த கருவிப் பெட்டி பல பள்ளிகளில் இரும்பு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. ஏன்? இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. உடைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். தணிக்கை வந்தால் எண்ணிக் காட்ட வேண்டும். பிள்ளை தொட்டால் கெட்டுவிடும் என்று ஆசிரியர் பயப்படும் எந்தக் கருவியும் பிள்ளைக்குப் பயன்படாது. அன்றைக்குப் பூகோள உருண்டைக்கு நடந்தது, இன்றைக்கு டேப்புக்கு நடக்கிறது. சிலேட்டு உடைந்தால் யாரும் விளக்கக் கடிதம் கேட்பதில்லை.

1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்த அங்கன்வாடிக்குள் உண்மையில் நுழைந்த டிஜிட்டல் எது தெரியுமா? 2021-ல் வந்த 'போஷன் டிராக்கர்' செயலி. எடை, உயரம், வருகை, சத்துணவு எல்லாம் பணியாளர் தன் கைபேசியில் ஏற்ற வேண்டும். ஊட்டச்சத்துக் கணக்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் தேடி வாசலில் நிற்கும் அந்தப் பணியாளர், உள்ளே இருக்கும் இருபது பிள்ளைகளுக்கு எப்போது கதை சொல்வார்? டிஜிட்டல் அவருடைய வேலையைக் குறைத்திருந்தால் கைதட்டியிருப்பேன். அது பிள்ளைகளுக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டது.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். வரவேற்றேன். தனியாருக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய கதவு. ஆனால் 2022-ல் அந்த வகுப்புகளுக்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை எடுத்தபோது நிர்ணயித்த ஊதியம் மாதம் 5,000 ரூபாய். ஐயாயிரம்! மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கைத் துடைத்து, அழுகையை நிறுத்தி, பேச வைத்து, பாட வைத்து, எழுத்துக்கு விரலைத் தயார் செய்கிறவருக்கு அவ்வளவு. ஒரு பெரிய தொடுதிரைப் பலகைக்கு ஒரு லட்ச ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் அந்த ஆசிரியரின் இருபது மாதச் சம்பளம். திரைக்குத் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, புகைப்படம் உண்டு. ஆசிரியரின் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் உயர்த்தினால் யார் ரிப்பன் வெட்ட முடியும்? அதனால்தான் திரை வருகிறது, ஆள் வருவதில்லை.

வெளிநாட்டிலும் சென்னையிலும் இருந்துகொண்டு சொந்த ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை தர நினைக்கும் முன்னாள் மாணவர்களே, உங்கள் மனசுக்கு வணக்கம். ஆனால் அங்கன்வாடிக்கும் மழலையர் வகுப்புக்கும் தயவுசெய்து தொடுதிரை வாங்கித் தராதீர்கள். அந்த ஒரு லட்சத்தில் இதைச் செய்யுங்கள். உள்ளூர் ஆசாரியிடம் பத்து மணல் தட்டு, பத்து மணிச்சட்டம், ஐந்து பல்லாங்குழி. குழந்தைக்கு ஒரு சிலேட்டு. குயவரிடம் மாதம் ஒரு கூடை களிமண். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்ற பதிப்பகங்களின் தமிழ்ப் படப் புத்தகங்கள் நூறு; பிள்ளை கிழித்தால் ஒட்டிக்கொள்ள ஒட்டுத்தாளும் சேர்த்து. வளாகத்தில் ஒரு மணல்மேடு, ஓர் ஊஞ்சல், இரண்டு நிழல் மரம், ஓட்டையில்லாத கூரை, பிள்ளையின் உயரத்துக்குக் கழிப்பறை. மிச்சத்தில் ஆசிரியருக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கியும் இணைய வசதியும். மாதம் ஒருமுறை பாட்டியோ தாத்தாவோ வந்து கதை சொல்ல ஏற்பாடு. அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு. இவ்வளவும் செய்து பணம் மீதமிருந்தால் சொல்லுங்கள், நானே வந்து உங்களோடு திரை வாங்க நிற்கிறேன்.

பெற்றோர்களே, அடுத்த வாரம் சேர்க்கைக்குப் போவீர்கள். வரவேற்பறையில் ஓடும் டி.வி.யைப் பார்த்து மயங்காதீர்கள். ஐந்தே கேள்வி கேளுங்கள்.

1. ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள்? அந்த ஆசிரியர் சென்ற ஆண்டும் இதே பள்ளியில் இருந்தாரா?

2. ஒரு நாளில் குழந்தை எவ்வளவு நேரம் வகுப்பறைக்கு வெளியே விளையாடும்?

3. திரை எத்தனை நிமிடம் ஓடும்? ஓடும்போது ஆசிரியர் எங்கே இருப்பார்?

4. குழந்தை தன் கையால் தொட்டு, பிரித்து, சேர்த்து விளையாடும் பொருள்களைக் காட்டுங்கள். அவை பூட்டியிருக்கின்றனவா, பிள்ளை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா?

5. வீட்டில் பேசும் மொழியில் குழந்தை பேசினால் திட்டுவீர்களா?

இந்த ஐந்துக்கும் திருப்தியான பதில் வந்தால், அந்தப் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் இருந்தாலும் சேருங்கள், இல்லாவிட்டாலும் சேருங்கள். பதில் சொல்லாமல் "எங்களிடம் டேப் இருக்கிறதே" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்துத் தெருவில் அரசு அங்கன்வாடி இருக்கும். அங்கே போய் இதே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். குறை இருந்தால் ஊராட்சித் தலைவரிடம் சொல்லி, கிராம சபையில் எழுந்து பேசிச் சரிசெய்ய வையுங்கள். அது நம் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி. கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய், ஒரு மணி நேரம் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள்.